கறுப்பு ஒட்டினால் குளிருமா? கரிசல் வெயிலும் கார் கண்ணாடியும்

கழுகுமலையிலிருந்து கோவில்பட்டிக்குப் போகும் சாலை ஏறக்குறைய நேர் கிழக்காக ஓடுகிறது. இருபது கிலோமீட்டர்தான். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் சூரியன் முன்கண்ணாடிக்கு நேரே நிற்கும். மாலை ஐந்தரைக்குத் திரும்பினால் மறுபடியும் முகத்துக்கு நேரேதான் நிற்கும். சாலையின் இரண்டு பக்கமும் கரிசல். பருத்தியும் உளுந்தும் மக்காச்சோளமும் நிற்கிற மாதங்களில் கண்ணுக்குக் கொஞ்சம் பச்சை கிடைக்கும். அறுவடை முடிந்து மாசியும் கழிந்துவிட்டால் வெடித்துக் கிடக்கும் கறுப்பு மண்தான் அடிவானம் வரைக்கும். வண்டியை ஓரங்கட்டி நிறுத்த ஒரு வேப்பமர நிழல் கிடைத்தால் அதுவே பெரிய விஷயம்.

இந்த ஊர்ப்பக்கம் ஒருவர் கார் வாங்கினால், புது வண்டியோ கைமாறிய வண்டியோ, சீட் கவரும் தரை மேட்டும் போட்ட கையோடு அடுத்து விசாரிப்பது 'கூலிங் பேப்பர்' பற்றித்தான். கடைக்காரர்கள் சன் ஃபிலிம் என்பார்கள். காவல்துறைக்கு அது கறுப்பு ஃபிலிம். எந்தப் பெயரில் கேட்டாலும் பெரும்பாலானவர்கள் மனதில் இருக்கும் கணக்கு ஒன்றே: எவ்வளவு கறுப்போ அவ்வளவு குளிர்ச்சி. இந்தக் கணக்கு தவறு. இதை நம்பிச் செலவழித்தவர்கள் வெயிலையும் தடுக்கவில்லை, அபராதத்தையும் தடுக்கவில்லை, ராத்திரியில் சாலையோரம் நடந்துபோகிறவரைப் பார்க்கும் வாய்ப்பையும் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஃபிலிம் வாங்குவதற்கு முன் வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். கழுகுமலை ஒன்பது டிகிரி வட அட்சரேகையை ஒட்டிய ஊர். சித்திரை பிறக்கும் நாட்களில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே வந்துவிடும்; ஆவணி நடுவாக்கில் இன்னொரு முறை வரும். அந்த நாட்களில் மத்தியான வெயிலை வாங்குவது காரின் கூரை. பக்கக் கண்ணாடிக்கு அப்போது பெரிய வேலை இல்லை. கூரைத் தகடு கொதித்து உள்ளே இறக்கும் சூட்டை எந்த ஃபிலிமும் தடுக்காது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அப்போது கோவில்பட்டிக்குப் போகையில் வலது பக்கம், அதாவது ஓட்டுநரின் தோளும் கையும், வெயில் வாங்கும். திரும்பும்போது இடது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வாங்குவார். மதுரை–கன்னியாகுமரி நான்குவழிச் சாலையில் ஓடும் வண்டிக்குக் கதை வேறு. அது வடக்கு தெற்காக ஓடுவதால் காலையிலும் மாலையிலும் பக்கக் கண்ணாடிகள்தான் அடி வாங்கும். தினமும் எந்தச் சாலையில், எந்த நேரத்தில் ஓட்டுகிறீர்கள் என்று சொல்லத் தெரிந்தால் எந்தக் கண்ணாடிக்குப் பணம் செலவழிக்க வேண்டும் என்பதும் பாதி தெரிந்துவிடும்.

கழுகுமலை–கோவில்பட்டி சாலையில் போய்வருகிறவரைப் பாடாய்ப்படுத்துவது முன்கண்ணாடி வழியாக வரும் கூச்சம். பக்கக் கண்ணாடியில் எவ்வளவு கறுப்பு ஒட்டினாலும் அந்தக் கூச்சம் துளியும் குறையாது. அதற்குச் சன் வைசரை இறக்குவதும், நல்ல போலரைஸ்டு கண்ணாடி ஒன்றை அணிவதும், முன்கண்ணாடியின் உட்புறத்தை வாரம் ஒருமுறை சுத்தமாகத் துடைப்பதும்தான் வழி. உட்புறத்தில் படியும் மெல்லிய எண்ணெய்ப் படலமும் கரிசல் புழுதியும் சேர்ந்துதான் எதிர்வெயிலைக் கண்ணாடி முழுக்கப் பரப்பிவிடுகின்றன.

கறுப்பு வேறு, குளிர்ச்சி வேறு

தரைக்கு வந்துசேரும் சூரிய ஆற்றலில் கண்ணுக்குத் தெரியும் ஒளி பாதிக்கும் சற்றுக் குறைவு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் ஏறக்குறைய பாதி. மிச்சமிருக்கும் சில சதவீதம் புற ஊதாக் கதிர். கறுப்புச் சாயம் தோய்த்த மலிவு ஃபிலிம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை வெட்டுகிறது. அகச்சிவப்பில் பெரும்பகுதியை அப்படியே உள்ளே விட்டுவிடுகிறது. உள்ளே இருட்டாக இருப்பதால் மனது குளிர்ச்சி என்று நினைத்துக்கொள்கிறது. தொடை மேல் விழும் சூடு பெரிதாகக் குறைவதில்லை. போதாததற்குச் சாயம் ஒளியை உறிஞ்சிக் கண்ணாடியையே சூடாக்கும். வண்டி ஓடும்போது வெளிக்காற்று அந்தச் சூட்டில் கொஞ்சத்தை அடித்துக்கொண்டு போகும். நின்றுவிட்டால் கண்ணாடி உள்பக்கமாகவும் சூட்டைக் கக்கும்.

நிறமே தெரியாத ஒரு நல்ல செராமிக் ஃபிலிம் அகச்சிவப்பை வெட்டிவிட்டு வெளிச்சத்தை விடும். பார்த்தால் ஒன்றும் ஒட்டாத கண்ணாடி போலத்தான் இருக்கும். இதை நம்புவதற்கு எல்லோருக்குமே சிரமம். காசு கொடுத்து ஒட்டியது கண்ணுக்குத் தெரிய வேண்டாமா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்தப் பொருளில் கண் நல்ல நீதிபதி இல்லை.

அப்படியானால் எதைப் பார்ப்பது? ஃபிலிமின் விவரச் சீட்டில் சில எண்கள் இருக்கும். ஒன்று வி.எல்.டி., எத்தனை சதவீத வெளிச்சம் உள்ளே வரும் என்பது. எழுபது என்றால் நூறில் எழுபது பங்கு உள்ளே வரும். எண் குறையக் குறையக் கறுப்பு கூடும். அடுத்தது ஐ.ஆர். தடுப்பு, அகச்சிவப்பில் எத்தனை சதவீதம் தடுக்கப்படுகிறது என்பது. மூன்றாவது டி.எஸ்.இ.ஆர்., வெளிச்சமும் அகச்சிவப்பும் புற ஊதாவும் சேர்ந்த மொத்த சூரிய ஆற்றலில் எத்தனை சதவீதம் தடுக்கப்படுகிறது என்பது. கடைகளில் உரக்கச் சொல்லப்படும் எண் ஐ.ஆர். தடுப்பு. தொண்ணூறு, தொண்ணூற்றைந்து என்று கேட்க நன்றாக இருக்கும். பல சமயம் அது அகச்சிவப்பின் ஒரு குறுகிய பட்டையில் மட்டும் அளந்த எண். வாங்குகிறவருக்கு உண்மை சொல்லும் எண் டி.எஸ்.இ.ஆர். வெளிர்நிற ஃபிலிமில் இது ஐம்பதை ஒட்டி இருந்தாலே நல்ல சரக்கு. தொண்ணூறு என்று யாராவது சொன்னால் அவர் வேறு எதையோ அளந்து சொல்கிறார் என்று பொருள்.

கடையில் ஒரு விளக்கு வைத்துக் காட்டுவார்கள். சிவப்பாக எரியும் வெப்ப விளக்குக்கு முன்னால் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடித் துண்டைப் பிடித்து, பின்னால் உங்கள் கையை வைக்கச் சொல்வார்கள். சூடே தெரியாது. அந்த விளக்கு தருவது பெரும்பாலும் அகச்சிவப்பு; வெயிலில் பாதி அப்படி இல்லை. அதோடு, கண்ணாடித் துண்டு உறிஞ்சிய சூட்டைப் பின்பக்கம் விட நேரம் பிடிக்கும். அதற்குள் நீங்கள் கையை எடுத்துவிடுவீர்கள். விளக்குச் சோதனை ஃபிலிமுக்கும் ஃபிலிமுக்கும் உள்ள வித்தியாசத்தை ஓரளவு காட்டும். கார் எவ்வளவு குளிரும் என்பதைக் காட்டாது. முடிந்தால் அந்தத் துண்டை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வாசலுக்குக் கொண்டுவந்து, பத்து நிமிடம் வெயிலில் வைத்துவிட்டுப் பின்னால் கையை நீட்டிப் பாருங்கள். கரிசக்காட்டு வெயிலைவிடக் கறாரான சோதனைச்சாலை எங்கும் இல்லை.

வகைகளைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். எல்லாமே பாலியெஸ்டர் தாள்கள்தான். கார்வேர் நிறுவனம் முன்பு அவுரங்காபாத் என்றிருந்த சத்ரபதி சம்பாஜிநகரில் இந்தத் தாளை உற்பத்தி செய்து வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறது. 3எம் நிறுவனம் 1966-லேயே ஜன்னல் ஃபிலிமுக்குக் காப்புரிமை பெற்றது. சாயத் தாள் மலிவு. இரண்டு மூன்று கோடையில் ஊதா நிறமாக வெளுத்து, கொப்புளம் தட்டும். ஊதா கண்ணாடியோடு ஓடும் பழைய கார்களை எல்லா ஊரிலும் பார்த்திருப்பீர்கள். அது சாயத் தாளின் கடைசிக் காலம். உலோகப் பூச்சுத் தாள் சூட்டைத் திருப்பி அனுப்பும், கூடவே ரேடியோ அலையையும் திருப்பி அனுப்பும். முன்கண்ணாடியில் அதை ஒட்டினால் ஃபாஸ்டாக் படிக்காமல் சாலைப்புதூர் சுங்கச்சாவடியில் பின்னால் வரிசை கட்டி ஹாரன் அடிப்பார்கள். செல்போன் சிக்னலும் ஜி.பி.எஸ்ஸும் தடுமாறலாம். கார்பன் தாள் வெளுக்காது, சிக்னலைத் தடுக்காது, விலையும் நடுத்தரம். செராமிக் தாளும் பல நுண்ணடுக்குத் தாளும் வெளிச்சத்தை விட்டுச் சூட்டை வெட்டும். அடுக்குத் தாள் ஒன்றில் இருநூறுக்கும் மேற்பட்ட அடுக்குகள் இருக்கும், ஆனால் மொத்தத் தடிமன் ஒரு போஸ்ட்-இட் குறிப்புத் தாளைவிடக் குறைவு. இவை வண்டி முழுக்க ஒட்டப் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். சாயத் தாளுக்குச் சில ஆயிரம் போதும். இந்த வித்தியாசம்தான் எல்லோரையும் கறுப்பின் பக்கம் தள்ளுகிறது.

சட்டம் எங்கே நிற்கிறது

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் வந்தன. அவற்றின் 100-வது விதி, முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தையும், பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 சதவீத வெளிச்சத்தையும் உள்ளே விட வேண்டும் என்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் இது ஏட்டளவில் இருந்தது. கறுப்புக் கண்ணாடி அந்தஸ்தின் அடையாளமாகி, கட்சிக் கொடி கட்டிய வண்டியென்றால் கட்டாயம் கறுப்பு என்று ஆகிவிட்டது. அவிஷேக் கோயங்கா என்பவர் தொடுத்த பொதுநல வழக்கில், தலைமை நீதிபதி எஸ்.எச். கபாடியா தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு 2012 ஏப்ரல் 27 அன்று தீர்ப்பளித்தது. மே 4 முதல் நாடெங்கும் எந்த வாகனத்தின் கண்ணாடியிலும், எத்தனை சதவீதமானாலும், கறுப்பு ஃபிலிமோ வேறு எந்தப் பொருளோ ஒட்டக் கூடாது என்றது அந்தத் தீர்ப்பு. ஆலையிலேயே நிறம் சேர்த்துச் செய்த கண்ணாடிக்குத் தடை இல்லை, 70-க்கும் 50-க்கும் குறையாமல் இருந்தால் சரி. இசட், இசட் பிளஸ் பாதுகாப்பில் உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு.

அந்தத் தீர்ப்பின் காரணம் வெயில் அல்ல, குற்றம். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கடத்தலும் பாலியல் வன்கொடுமையும் நடக்கின்றன என்பதைத்தான் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லியில் ஓடிய பேருந்தில் ஒரு மாணவிக்கு நடந்த பாலியல் வன்கொடுமை நாட்டையே உலுக்கியது. அந்தப் பேருந்தின் ஜன்னல்களில் கறுப்பு ஃபிலிமும் திரையும் இருந்தன. தீர்ப்பு வந்து ஏழு மாதம் தாண்டியிருந்தது. தலைநகரிலேயே அதை யாரும் உரித்துப் போடவில்லை என்பதை நினைக்கும்போது இன்றும் மனது ஆறவில்லை.

பிறகு விதியே மாறியது. திருத்தப்பட்ட 100-வது விதி 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முன்பு கண்ணாடி என்று மட்டும் இருந்த இடத்தில், உட்புறம் பிளாஸ்டிக் படலம் சேர்ந்த கண்ணாடிக்கும் இடம் கிடைத்தது. அது ஐ.எஸ். 2553 பகுதி 2 தரத்துக்கு உட்பட வேண்டும். 70, 50 எல்லைகள் அப்படியே நீடிக்கின்றன. இதை வைத்துக் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி என். நகரேஷ் 2024 செப்டம்பரில் ஒரு தீர்ப்பு தந்தார். தரத்துக்கும் அளவுக்கும் உட்பட்ட ஃபிலிமைக் கார் உரிமையாளரே ஒட்டிக்கொள்ளலாம், அதற்கு அபராதம் விதிக்க முடியாது என்பது அதன் சாரம்.

கழுகுமலையிலிருந்து சங்கரன்கோவில், தென்காசி, செங்கோட்டை தாண்டினால் கேரளம். மலைக்கு அந்தப் பக்கம் கையில் பிடித்துக் காட்டத் தீர்ப்பு இருக்கிறது. இந்தப் பக்கம் வண்டியை நிறுத்தும் காவலர் 2012 தீர்ப்பைத்தான் மனதில் வைத்திருப்பார். ஒரு மாநில உயர் நீதிமன்றத் தீர்ப்பு இன்னொரு மாநிலத்தைக் கட்டாயப்படுத்தாது; மத்திய விதியின் பொருளை விளக்க அதை எடுத்துக்காட்டலாம், அவ்வளவுதான். அபராதம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-வது பிரிவில் முதல் முறை 500 ரூபாய், அடுத்த முறை 1,500. பணத்தைவிடப் பெரிய நஷ்டம், சாலையோரத்திலேயே ஃபிலிமை உரிக்கச் சொல்வது. ஆகவே ஒட்டுகிறவர் எல்லைக்குள் ஒட்டட்டும். தரச் சான்றும் அளவும் அச்சிட்ட சீட்டை ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக்கொள்ளட்டும். துளியும் தகராறு வேண்டாம் என்பவர் ஒன்றும் ஒட்டாமல் இருப்பதே நிம்மதி.

இங்கே பலரும் சறுக்குகிற ஒரு கணக்கு உண்டு. ஐம்பது சதவீத ஃபிலிம் வாங்கிப் பக்கக் கண்ணாடியில் ஒட்டினால் விதிக்குள் இருக்கிறோம் என்று நினைக்கிறார்கள். விதி அளப்பது ஃபிலிமை மட்டும் அல்ல. கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்து விடும் வெளிச்சத்தை. இப்போதைய கார்களின் கண்ணாடி ஆலையிலேயே லேசான பச்சை கலந்து வருகிறது. அது 75 சதவீதம்தான் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 50 சதவீத ஃபிலிம் ஒட்டினால் 75-ல் பாதி, முப்பத்தேழரை. விதியை மீறியாயிற்று. 65 சதவீத ஃபிலிம் ஒட்டினாலும் 49-க்குக் கீழேதான் வரும். 70 ஒட்டினால் ஐம்பத்திரண்டரை வரும், தப்பிக்கலாம். முன்கண்ணாடிக்கு எல்லை 70 என்பதால், தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் வெளிச்சம் விடும் நிறமற்ற தாளைத் தவிர வேறு எதற்கும் அங்கே இடம் இல்லை. ஒட்டுவதற்கு முன் வெறும் கண்ணாடியை மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். மீட்டர் இல்லாத கடை என்றால் வேறு கடை பாருங்கள்.

வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் 'அங்கே எல்லாம் ஒட்டியிருக்கிறார்களே' என்பார்கள். ஐக்கிய அரபு அமீரகத்திலும் ஐம்பது சதவீதம்தான் எல்லை, முன்கண்ணாடியில் ஒட்டவே கூடாது. நம் பக்கக் கண்ணாடி எல்லையைவிட அது தளர்வானது இல்லை.

ராத்திரி சாலை

கோவில்பட்டியில் ஃபிலிம் ஒட்டும் கடை ஒன்றில் வாடிக்கையாளர் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெளிய இருந்து பாத்தா உள்ள ஆள் இருக்கதே தெரியக் கூடாதுப்பா. வீட்டுல பொம்பளைப் பிள்ளைங்க எல்லாம் வராங்க."

"அது சரி அண்ணாச்சி. ஆனா ராத்திரி உள்ள இருந்து பாக்கயில வெளிய இருக்கவனும் தெரிய மாட்டான். யோசிச்சுச் சொல்லுங்க."

அந்தக் கடைத் தம்பி ஒரே வரியில் சொன்னதுதான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்ல வருவதும். வீட்டுப் பெண்களை வழியில் போகிறவர்கள் வெறித்துப் பார்க்கக் கூடாது என்ற அவருடைய அக்கறையை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆனால் கரிசல் சாலையின் இரவு எப்படி இருக்கும் என்பதை அவரும் அறிவார். ஊர் எல்லை தாண்டினால் தெருவிளக்கு கிடையாது. மண்ணும் கறுப்பு, தாரும் கறுப்பு. பின்விளக்கு எரியாத டிராக்டர் டிரெய்லர் ஓரத்தில் நிற்கும். கிடைக்குப் போகும் ஆடுகள் சாலையைக் கடக்கும். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் கழுகுமலை முருகனான கழுகாசலமூர்த்தியின் சன்னிதிக்கு வருகிறவர்கள் ராத்திரி முழுக்க நடப்பார்கள். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகும் கூட்டம் வேறு. வெயிலுக்குப் பயந்து இருட்டில் நடக்கிறவர்கள் அவர்கள். தீப்பெட்டி ஆபீஸுக்கு ஆள் ஏற்றும் வேனுக்காக விடியாத நேரத்தில் ஊர் விலக்கில் பெண்கள் நிற்பார்கள்.

இவர்களை முன்விளக்கு வெளிச்சத்தில் பார்க்க முன்கண்ணாடி தெளிவாக இருக்க வேண்டும். விலக்கில் திரும்பும்போதும் பக்கத்தில் முந்தும்போதும் பார்க்கப் பக்கக் கண்ணாடி தெளிவாக இருக்க வேண்டும். வெளியே உள்ள பின்பார்வைக் கண்ணாடியையும் நாம் பார்ப்பது பக்கக் கண்ணாடி வழியாகத்தான். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. வயதும் இதில் சேரும். அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்கு வந்துசேரும் வெளிச்சம் இருபது வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்கிறது கண் மருத்துவம். அந்த மூன்றில் ஒரு பங்கையும் கறுப்பு ஃபிலிம் பாதியாக்கினால் என்ன மிஞ்சும்? மகன் ஆசைப்பட்டு ஒட்டிய வண்டியை ராத்திரியில் அப்பா ஓட்டுகிற வீடுகள் நம்மிடம் நிறைய. முன்கதவுக் கண்ணாடிகள் இரண்டிலும் கறுப்பு வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து, விதி அனுமதிக்கும் ஐம்பது சதவீத எல்லைக்குள்ளே இருந்தாலும்.

வலது கன்னம்

ஃபிலிமால் கிடைக்கும் உண்மையான நன்மைகளில் ஒன்றைக் கடைகளில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. அது தோல். காரின் முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து அழுத்தியது; புற ஊதாக் கதிரை அதுவே பெரும்பாலும் தடுத்துவிடும். கதவுக் கண்ணாடி ஒற்றைத் தகடு. 29 கார்களை அளந்து 2016-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், முன்கண்ணாடிகள் சராசரியாக 96 சதவீத யு.வி.ஏ. வகைப் புற ஊதாக் கதிரைத் தடுத்தன. கதவுக் கண்ணாடிகளின் சராசரி 71 சதவீதம்; சில கார்களில் 44 சதவீதம் வரை இறங்கியது. 2012-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த படம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. இருபத்தெட்டு ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் முகம். ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னம் மட்டும் சுருங்கித் தடித்து, அவருடைய அப்பாவின் கன்னம் போலத் தோன்றியது.

அங்கே இடது கன்னம் என்றால் நமக்கு வலது. வாடகைக் கார், மினி வேன், லோடு ஆட்டோ ஓட்டும் தம்பிகளின் வலது முழங்கையையும் இடது முழங்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நிற வித்தியாசம் தெரியும். இதற்குக் கறுப்பு தேவையில்லை. நிறமே இல்லாத நல்ல ஃபிலிம் 99 சதவீதப் புற ஊதாவைத் தடுக்கும். நாள் முழுக்க ஸ்டியரிங் பிடித்துப் பிழைக்கிறவர் வண்டி முழுக்க ஒட்ட வசதி இல்லையென்றால், ஓட்டுநர் பக்கக் கதவுக்கு மட்டுமாவது இந்தத் தெளிவான தாளை ஒட்டிக்கொள்ளலாம்.

புழுதியும் பிளேடும்

நல்ல தாள் வாங்கினால் மட்டும் போதாது. கரிசல் புழுதி மாவுபோல நைசானது. ரப்பர் பீடிங்கின் இடுக்கில் புகுந்துகொண்டால் எளிதில் வெளியே வராது. கண்ணாடியை இறக்கி ஏற்றும் ஒவ்வொரு தடவையும் அது ஃபிலிமில் கீறல் போடும். சன்னமான செங்குத்துக் கோடுகளாக அது தெரியும்.

வேலை நடக்கும் விதத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் தெளித்து, புது பிளேடால் அழுக்கைச் சுரண்டி எடுக்க வேண்டும். பீடிங்கைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அவசரக் கடைகளில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். தாளைக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் விரித்து அளவு வெட்டி, வளைவுக்கு ஏற்பச் சூட்டுத் துப்பாக்கியால் சுருக்கிக்கொள்வார்கள். பின் பாதுகாப்புத் தாளை உரித்து, பசைப் பக்கத்திலும் தண்ணீர் தெளித்து, உள்பக்கத்தில் வைத்து நகர்த்தி இடம் பொருத்துவார்கள். ரப்பர் தகடால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். மேல் ஓரத்தில் மயிரிழை அளவு இடம் விட்டு வெட்டினால்தான் பிற்காலத்தில் உரியாது. முடிந்தபின் அங்கங்கே நீர்க்குமிழ் தெரிந்தால் பயப்பட வேண்டாம், சில நாள் வெயிலில் அது வற்றிவிடும். தாளுக்கு அடியில் புள்ளிபோல நிற்கும் புழுதித் துகள் வற்றாது. அது இருந்தால் அந்தக் கண்ணாடியை மறுபடி ஒட்டித் தரச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். மூன்று நான்கு நாள் கண்ணாடியை இறக்கக் கூடாது. அமோனியா கலந்த கண்ணாடித் திரவத்தால் துடைக்கக் கூடாது.

ஆனி, ஆடியில் கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று கோவில்பட்டித் தெருவெல்லாம் மண்ணை அள்ளி வீசும். அந்த மாதங்களில் திறந்த ஷெட்டில் ஃபிலிம் ஒட்டுவது வீண். கதவு மூடிய அறை உள்ள கடையைப் பார்க்க வேண்டும், அல்லது மழை பெய்து புழுதி அடங்கும் கார்த்திகைக்குத் தள்ளிப்போட வேண்டும். அப்போது காய்வதற்குக் கூடுதலாக இரண்டு நாள் ஆகும், அவ்வளவுதான்.

நிற்கும் கார்

வெயிலில் நிறுத்திய காருக்குள் என்ன நடக்கிறது என்பதை 2005-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அளந்தார்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளே சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் கூடியது. அதில் எண்பது சதவீதம் முதல் அரை மணிக்குள் ஏறிவிட்டது. கண்ணாடியை ஒன்றரை அங்குலம் இறக்கி வைத்ததால் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஃபிலிம் ஒட்டியிருந்தால் ஏறும் வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் நிழலாகிவிடாது. கழுகுமலையில் வெட்டுவான் கோயிலைப் பார்க்க மலையேறப் போகிறவர்கள் 'பாப்பா தூங்குது, ஏ.சி. போட்ட வண்டிதானே, ஃபிலிம் ஒட்டியிருக்கு' என்று குழந்தையை ஐந்து நிமிடம்கூட வண்டிக்குள் விட்டுப் போகக் கூடாது. இதைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

நிற்கும் காருக்குச் சில நூறு ரூபாயில் கிடைக்கும் வெள்ளிநிற மடிப்புத் திரையை முன்கண்ணாடிக்கு உள்ளே விரிப்பது பல ஆயிரம் ரூபாய் பக்கக் கண்ணாடி ஃபிலிமைவிட அதிகப் பலன் தரும். சாய்ந்த பெரிய முன்கண்ணாடிதான் வெயிலை அதிகம் வாங்கி டேஷ்போர்டைச் சுட வைக்கிறது. ஓடும்போது எடுத்துவிடுவதால் சட்டச் சிக்கலும் இல்லை. வண்டியில் ஏறியதும் நாலு கதவையும் திறந்து சூட்டை வெளியேற்றி, கண்ணாடி இறக்கி இருநூறு மீட்டர் ஓட்டிவிட்டு ஏ.சி. போடுவது டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழி. புது கார் வாங்க நிறம் பார்த்துக்கொண்டிருப்பவர் இன்னொன்றையும் யோசிக்கலாம். கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் ஒரே மாதிரியான கறுப்புக் காரையும் வெள்ளிநிறக் காரையும் வெயிலில் நிறுத்தி அளந்தது. கறுப்புக் காரின் கூரை 25 டிகிரி வரை கூடுதலாகச் சுட்டது, உள்ளே காற்றும் ஐந்தாறு டிகிரி கூடுதலாக இருந்தது. வெள்ளை வண்டி எடுப்பதற்குக் கூடுதலாகப் பெரிய செலவு இல்லை. அந்தப் பலன் வண்டியின் ஆயுள் முழுக்க நிற்கும்.

இவ்வளவுக்கும் பிறகு ஃபிலிம் வேண்டும் என்பவருக்கு என் பரிந்துரை இது. நான்குவழிச் சாலையில் பகலெல்லாம் ஓடும் வாடகை வண்டி என்றால், நான்கு கதவுக்கும் 70 சதவீத வெளிச்சம் விடும் செராமிக் தாள், தரச் சான்றுச் சீட்டோடு. பள்ளிக்கும் கடைக்கும் போய்வரும் வீட்டு வண்டி என்றால், பின்சீட்டுப் பக்கக் கண்ணாடிகளுக்கு மட்டும் அதே தாள் போதும். கழுகுமலைக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே மட்டும் ஓடுகிற வண்டிக்கு முன்கண்ணாடித் திரையும் ஒழுங்கான ஏ.சி. சர்வீஸும் போதும்.

பழைய கார் வாங்கியவர்களுக்கு ஒரு சொல். முந்தைய உரிமையாளர் ஒட்டிய கறுப்பு ஃபிலிமோடு வண்டி வந்தால், பெயர் மாற்றிய கையோடு அதை எடுத்துவிடுங்கள். அபராதம் இனி உங்கள் பெயருக்குத்தான் வரும். காய்ந்துபோன சாயத் தாள் இழுத்தால் துண்டு துண்டாகக் கிழிந்து பசை கண்ணாடியிலேயே நிற்கும். நீராவியோ சூட்டுத் துப்பாக்கியோ காட்டி, பசையை இளக்கி, ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரிக்க வேண்டும். பின்கண்ணாடியில் டிஃபாகர் கோடுகள் இருந்தால் அங்கே பிளேடு வைக்கவே விடாதீர்கள். ஒரு கோடு அறுந்தாலும் அந்த வரி வேலை செய்யாது. சோப்புத் தண்ணீரும் பிளாஸ்டிக் சுரண்டியும் வைத்துச் செய்தால் அரை நாள் ஆகும். அந்த அரை நாளைக் கொடுங்கள்.